அம்மியும் கிணற்றுக் கயிறும்

ஆசிரியத் தொழிலை மேற்கொண்டவர்களுக்குக் குடிபெயர்தல் புதிய செய்தியன்று. இடமாற்றக் கடிதம் என்னும் அரைத் தாள் காகிதம் ஒன்று வந்து சேரும். வந்த மாத்திரத்தே, நேற்றுவரை அசையா என்று எண்ணியிருந்த அடுப்பும் உரலும் அலுமாரியும் கால் முளைத்து நடக்கத் தொடங்கிவிடும். எமது முதற் குடிபெயர்வு 1974ஆம் ஆண்டு மே மாதத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து ஹற்றனுக்கு நிகழ்ந்தது. அப்போது எமக்கு மணமாகி எட்டு மாதமே கழிந்திருந்தது. இருவரும் ஆசிரியர், இருவருக்கும் ஒரே பாடசாலைக்கு மாற்றம். அந்தப் பயணத்தில் நேர்ந்த கூத்துகளை நாம் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சிரித்து வருகிறோம். சிரித்து முடிந்தபின் மனத்தில் எஞ்சி நிற்கும் ஒன்றைப் பற்றி மாத்திரம் இதுவரை எழுதியதில்லை. அதனையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

ஒரு விளக்கம். இக்கட்டுரையில் 'நாம்' என்பது கணவன் மனைவி இருவரையும் குறிக்கும். எந்தத் தவறு எவருடையது என்று பிரித்துரைக்கப் புகுந்தால், கட்டுரை முடிவதற்கு முன் இல்லறம் முடிந்துவிடும். ஆதலின் பழி, புகழ் யாவற்றையும் பொதுவுடைமையாக்கிவிட்டோம்.

ஹற்றனுக்கு மாற்றம் என்ற செய்தி பரவியதும், உறவினர் துக்கம் விசாரிப்பவர்போல் வீட்டுக்கு வரத் தொடங்கினர். யாழ்ப்பாணத்திலிருந்து ஹற்றன் புகையிரதப் பாதையில் 250 மைலுக்கு அப்பால் உள்ளது. கடல் கடந்து மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த உறவினருள் இருந்தனர். ஆயினும் மலைநாடு அவர்களுக்கு மலாயாவிலும் தொலைவாகத் தோன்றியது. "தோட்டக்காட்டுக்கோ போகப் போறியள்?" என்று கேட்ட ஒரு பெரியவரின் குரலில் இரக்கத்தைவிட இளக்காரமே மிகுந்திருந்தது. நாம் அவரை மறுத்துரைத்தோமா? இல்லை. மாலைதோறும் வாசிகசாலைத் திண்ணையிலிருந்து பாட்டாளி மக்களின் ஒற்றுமை பற்றி வாதிட்டவர்கள்தாம் நாம். எனினும் உள்ளூர நாமும் அஞ்சினோம். அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று அறியாமையால், எல்லாவற்றையும் கொண்டு போய்விடுவதே புத்தி என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்தவர்கள் நாம். அதனைச் செயற்படுத்தியவரோ, எம்முள் ஒருவருக்குத் தாயும் மற்றவருக்கு மாமியுமானவர். இடியப்ப உரல், திருவலை, சுளகு, இரண்டு கடகம், ஒடியல், பினாட்டு, பனங்கட்டிக் குட்டான், இடித்த மிளகாய்த் தூள், கருவாட்டுப் பொட்டலம், மாங்காய் ஊறுகாய்ச் சாடி, ஓலை விசிறிகள் நான்கு, கிணற்று வாளி, அதற்குப் பன்னிரண்டு பாக நீளமான புதுக் கயிறு என்று மூட்டைகள் பெருகின. கடைசியாக அம்மியும் குழவியும் சாக்குக்குள் ஏறின. நாம் தயங்கினோம். அவர் தயங்கவில்லை.

"அம்மி இல்லாத வீடும் ஒரு வீடோ, பிள்ளை? இரவல் அம்மியிலை அரைச்ச சம்பல் வயித்திலை ஒட்டாது. கொண்டு போங்கோ."

எண்ணிப் பார்த்தபோது மூட்டைகள் 31 இருந்தன. அவற்றுள் ஒரு கம்பளிப் போர்வைகூட இல்லை. ஹற்றன் கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் உயர்ந்த ஊர் என்பதை நாம் வகுப்பிற் பலமுறை படிப்பித்திருந்தோம். படிப்பித்தது வேறு, மூட்டை கட்டியது வேறு.

கட்டில், மேசை, அலுமாரி, சைக்கிள் ஆகியவற்றை இரு வாரங்களுக்கு முன்பே சாமான் வண்டியில் அனுப்பிவிட்டோம். அவ்விடத்தே எமது கொள்கைப் பற்று குறுக்கிட்டது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் பற்றிய கொதிப்பு எம்முள் ஆறியிருக்கவில்லை. ஆதலால் சாமான்களில் ஒட்டிய சீட்டுகளில் ஊர்ப் பெயரைத் தமிழில் மாத்திரமே எழுதினோம். கொள்கை சரியானதுதான், நாம் வாங்கிய மைதான் சரியில்லை. வழியிற் பெய்த மழையில் எழுத்துகள் கரைந்து, கட்டிலின் சீட்டிலே 'ஹ' என்ற முதலெழுத்து ஒன்றே எஞ்சியது. மலைநாட்டுப் பாதையில் 'ஹ'வில் தொடங்கும் நிலையங்களோ பல. எமது கட்டில் ஹற்றனைக் கடந்து ஹப்புத்தளைவரை சென்று, அங்கு நல்ல காற்று வாங்கி இளைப்பாறிவிட்டு, ஐந்து வாரங்களின் பின் திரும்பி வந்தது. சட்டம் தமிழை ஒதுக்கியது உண்மை. மழை எல்லா மொழிகளையும் ஒருபடித்தாகவே அழிக்கும் என்பதையும் அன்று கற்றோம்.

இரவுத் தபால் வண்டியிற் புறப்பட்டோம். வழியனுப்ப வந்தவர்கள் மூட்டைகளை ஏற்றினார்கள். மூட்டைகள் ஏறியபின் எமக்கு இடமிருக்கவில்லை. ஒருவர் கடகத்தின்மேலும், மற்றவர் அம்மிச் சாக்கின்மேலும் அமர்ந்து வவுனியா வரை சென்றோம். பின்னர் இருக்கை கிடைத்தது. தாயார் புதிதாகத் தைத்துத் தந்த இரு தலையணைகளையும் எடுத்துச் சாய்ந்தோம். இலவம் பஞ்சு என்று சொல்லித் தந்தவை அவை. எமக்கோ கருங்கல்லில் தலை வைத்தாற்போல் இருந்தது. பஞ்சு விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று ஒருவரும், தைத்தவர் இறுக்கிவிட்டார் என்று மற்றவரும் விடியும்வரை வாதிட்டோம்.

விடை பொல்காவலையிற் கிடைத்தது. மலைநாட்டு வண்டிக்காக நாம் அங்கே இறங்கிக் காத்திருந்தோம். அரிசிக்குக் கடுந் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விரும்பிய அளவு அரிசி கொண்டு செல்ல முடியாது. சிங்கள மக்கள் 'ஹால் பொல்ல' என்று அழைத்த அரிசிச் சோதனைத் தடைகள் பல வீதிகளில் நின்றன. புகையிரத மேடையிலும் சோதனை நடந்தது. எமது 31 மூட்டைகளையும் கண்ட காவலர் ஒருவர், இரண்டு வியாபாரிகள் அகப்பட்டார்கள் என்று மகிழ்ந்து எம்மை அணுகினார். ஆசிரியர் என்றோம், நம்பவில்லை. ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அம்மியைக் கண்டு திகைத்தார். ஊறுகாய்ச் சாடியை முகர்ந்து பின்வாங்கினார். அரிசியோ எங்கும் இல்லை. "எம்மிடம் அரிசியே கிடையாது" என்று நாம் ஆசிரியருக்குரிய கம்பீரத்துடன் அறிவித்தோம். அவ்வேளையில் அவர் கை தற்செயலாகத் தலையணையை அழுத்தியது. தையலின் ஓரம் விட்டது. மேடையிற் கூடியிருந்தோர் கண்முன், யாழ்ப்பாணத்துப் புழுங்கலரிசி பொலபொலவென்று கொட்டியது.

அரிசி கிடைக்காத ஊருக்கு மகளை அனுப்ப மனமில்லாத தாயார், எம்மிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமற் செய்த வேலை அது. எமது முகங்களை உற்று நோக்கிய காவலருக்கு உண்மை விளங்கியிருக்க வேண்டும். களவாகக் கொண்டு செல்பவன் எவனும் அவ்வாறு வாய் பிளந்து நிற்கமாட்டான். பாற்பேணிச் சுண்டொன்றினால் அரிசியை அளந்து, அனுமதிக்கப்பட்ட அளவை எம்மிடம் விட்டு, மிகுதியை எடுத்துக்கொண்டார். போகும்போது, அறுந்த தலையணையைக் கட்டுவதற்கு எமது கயிற்றிலிருந்து ஒரு முழம் வெட்டி எடுக்கலாமே என்று சிரித்தபடி யோசனையும் கூறினார். கயிற்றை வெட்ட எமக்கு மனம் வரவில்லை.

மூட்டைகளை மீண்டும் கட்டி எண்ணினோம், 32 இருந்தன. மறுபடி எண்ணினோம், அப்போதும் 32. சிவனொளிபாதமலைப் பருவம் முடியும் தறுவாய் ஆதலால் மேடை முழுவதும் யாத்திரிகர் நிறைந்திருந்தனர். அவர்களில் ஒரு சிங்கள மூதாட்டியின் உணவு மூட்டையையும் எமது குவியலோடு சேர்த்துக் கட்டிவிட்டோம். அவர் அதனைத் தேடி வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அவர் கோபிக்கவில்லை. எம்மோடு ஒரே பெட்டியில் ஏறினார். கடுகண்ணாவை ஏற்றத்தின் வளைவொன்றில் ஊறுகாய்ச் சாடி சாய்ந்து, கருவாட்டு மணத்தோடு மாங்காய்க் காரமும் கலந்து பெட்டியெங்கும் பரவியபோது, பலர் எம்மை வெறுப்போடு நோக்கினர். அந்த மூதாட்டி மாத்திரம் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடியவாறே, அந்த ஊறுகாயில் ஒரு துண்டு தரும்படி சைகை காட்டினார். தம்மிடமிருந்த பாற்சோற்றில் எமக்கும் பங்கு தந்தார். எமக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நாவலப்பிட்டிவரை மாங்காயும் பாற்சோறுமே பேசிக்கொண்டன.

ஹற்றனில் நேர்ந்ததுதான் உச்சம். வண்டி அங்கு நெடுநேரம் நில்லாது என்று அறிந்து, ஒருவர் மேடையில் இறங்கி நிற்க, மற்றவர் உள்ளிருந்து யன்னல் வழியே மூட்டைகளை இறக்குவது என்று திட்டமிட்டோம். திட்டம் சிறந்ததே. முப்பது மூட்டைகள் இறங்கின. முப்பத்தோராவது மூட்டையின் சாக்கு கிழிந்து, அம்மி வெளியே வந்தது. குழவி உருண்டு இருக்கையின் கீழ் ஒளித்துக்கொண்டது. அதனைத் தேடிக் குனிந்து நிமிர்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஆகவே எம்முள் ஒருவர் அம்மியோடு ஹற்றன் மேடையில் நிற்க, மற்றவர் குழவியை அணைத்தபடி, அக்காலத்தில் இந்நாட்டின் மிக நீண்ட புகையிரதச் சுரங்கமாயிருந்த சிங்கமலைச் சுரங்கத்தின் இருளினூடாகக் கொட்டகலை போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து மரக்கறி லொறி ஒன்றில் ஏறி, கோவாவுக்கும் லீக்சுக்கும் நடுவே அமர்ந்து திரும்பி வந்தார். அவர் யார் என்று கேட்க வேண்டா. பொதுவுடைமை என்று முன்பே கூறிவிட்டோம்.

நிலையத்திற் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், அம்மியைத் தோளில் ஏற்றுமுன் எம்மை நோக்கிக் கேட்டார்:

"ஏங்கய்யா, மலையில இல்லாத கல்லா? அங்கருந்து தூக்கியாந்திருக்கீங்களே!"

நிலையம் முழுவதும் சிரித்தது. நாம் பாடசாலையை அடைவதற்கு முன்பே, யாழ்ப்பாணத்திலிருந்து கல் சுமந்து வரும் வாத்தியாரின் கதை தோட்டத்து லயன்களை அடைந்துவிட்டது.

பாடசாலை ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையில் இருந்தது. அதன் பின்னால் எமக்கு இரண்டறை வீடு. அன்றிரவு குளிர் எம்மைச் சோதித்தது. கட்டில் ஹப்புத்தளையில், நாம் நிலத்திற் பாயில். சேலைகள், வேட்டிகள், மூட்டை கட்டிய சாக்குகள், ஈற்றில் கடகங்கள்கூட எம்மேல் ஏறின. தலைமாட்டிலே நான்கு ஓலை விசிறிகள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. நடுச்சாமத்துக்கு முன் கதவு தட்டப்பட்டது. பக்கத்து லயத்தைச் சேர்ந்த ஒரு முதிய பெண்மணி, மழைக்கும் குளிருக்கும் தாம் போர்த்தும் கம்பளியையும் ஒரு கேத்தல் சாயத் தண்ணியையும் கொண்டு வந்திருந்தார். "புதுசா வந்தவங்களுக்குக் குளுரு தாங்காதுங்க டீச்சரம்மா" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். அவருடைய வீட்டில் வேறு கம்பளி இருந்ததா என்று கேட்க எமக்குத் தோன்றவில்லை. மறுநாளே அறிந்தோம், இருக்கவில்லை.

விடிந்ததும் வாளியையும் பன்னிரண்டு பாகக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கிணற்றைத் தேடிப் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்தவனுக்கு வீடு என்றால் முதலிற் கிணறு, பிறகுதான் கூரை. வழியில் அப்பெண்மணியின் கணவரான பெரியவரைக் கண்டு, கிணறு எங்கே என்று வினவினோம். அவர் கயிற்றை அடி முதல் நுனி வரை பார்த்தார்.

"கெணறு எதுக்குங்க வாத்தியாரய்யா? பீலியில ராவும் பகலும் தண்ணி கொட்டுதே. இந்தக் கயித்த வச்சு மலையைத்தான் கட்டி இழுக்கணும்."

மலையிலிருந்து மூங்கிற் குழாய் வழியே கொட்டும் அருவி நீரின்கீழ், நாம் கிணற்று வாளியை வைத்துப் பிடித்தோம். கயிறு கூரை வளையில் தொங்கியது. ஐந்து வாரங்களின் பின் சைக்கிள் வந்து சேர்ந்தது. ஏற்றத்தில் நாம் அதனைத் தள்ளினோம். இறக்கத்தில் அது எம்மைத் தள்ளியது. இரண்டு முறை தேயிலைச் செடிகளுக்குள் இருந்து எம்மைத் தூக்கியெடுத்தவர்களும் அந்த லயத்து மக்களே.

இதுவரை சொன்னவை எல்லாம் விருந்தினர் முன் நாம் சொல்லிச் சிரிக்கும் பகுதி.

சொல்லாத பகுதி வகுப்பறையிலிருந்து தொடங்குகிறது. நண்பகலுக்கு முன்பே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளை, முதல் வாரத்தில் நாம் சோம்பேறிகள் என்று எண்ணினோம். ஒருவனை எழுப்பி நிற்க வைத்தோம். அவன் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தான். அந்தப் பெரியவரின் பேரன் அவன். காலையில் வெறும் சாயத் தண்ணி குடித்துவிட்டு வந்திருந்தான். 1974ஆம் ஆண்டு தோட்டப் பகுதிகளிற் பட்டினி நிலவிய ஆண்டு. அங்கே இறப்பு விகிதம் கூர்மையாக உயர்ந்த ஆண்டு. அரிசியும் மாவும் குறைந்தபோது, யாழ்ப்பாணத்தவனுக்குத் தோட்டமும் வளவும் இருந்தன. சிங்களக் கிராமத்தவனுக்கும் ஒரு துண்டு நிலமாவது இருந்தது. ஏற்றுமதித் தேயிலையினால் இந்நாட்டைத் தாங்கிய தொழிலாளிக்கு, 10 அடிக்கு 12 அடிக் காம்பராவின் வாசலுக்கு அப்பால் ஒரு கீரைப் பாத்தி போடவும் சொந்த மண் இல்லை. தலையணையிலிருந்து கொட்டிய அரிசியை நினைந்து நாம் அன்று சிரிக்கவில்லை. எஞ்சியிருந்ததை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அது மூன்று வேளைக்குக் காணாது என்பதையும் அறிந்தே கொடுத்தோம்.

அம்மக்களுக்கு மண் மாத்திரமன்று, நாடும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை, நாம் ஹற்றனுக்கு வந்த அதே 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நாம் மூட்டைகளை எண்ணியதுபோல் மனிதரை எண்ணினார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்த வீடுகளை நாம் அறிவோம். இவையெல்லாம் நிகழ்ந்தபோது வடபகுதித் தமிழர் பலர், தம் கூரையிற் பெய்யாத மழைக்குத் தாம் ஏன் குடை பிடிக்க வேண்டும் என்று இருந்தனர். எமது ஊர்ப் பெரியவரின் 'தோட்டக்காடு' என்ற ஒரு சொல்லுக்குள் அந்த அலட்சியம் முழுவதும் அடங்கியிருந்தது. அதனைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி நின்ற எமக்கும் அதிற் பங்குண்டு.

1975ஆம் ஆண்டு ஆவணியில் அந்தப் பெரியவரின் குடும்பத்துக்குப் போகும் நாள் குறிக்கப்பட்டது. அவருடைய தந்தையும் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். இந்தியாவில் தமக்கு ஊர் எது என்பதை, அவர் தம் பாட்டனார் சொன்ன ஒரு பெயராக மாத்திரமே அறிந்திருந்தார்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை உதவிக்குப் போனோம். தகரப் பெட்டி ஒன்றின் பூட்டு உடைந்து, மூடி நிற்கவில்லை. அதைக் கட்டக் கயிறு தேடினர். நாம் வீட்டுக்கு ஓடி, வளையில் தொங்கிய கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்தோம். பெரியவர் அதனைக் கண்டதும் சிரித்தார், நாமும் சிரித்தோம். பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பல சுற்றுச் சுற்றியபின்னும் கயிறு மிஞ்சியது. "வெட்டிராதீங்க, முழுசா இருக்கட்டும்" என்று சொல்லி, மிச்சத்தைச் சுருட்டிப் பெட்டியின்மேல் வைத்துக் கட்டினார்.

அந்த அம்மையார் வாசலில் அம்மியின் அருகே அமர்ந்திருந்தார். அதைக் கொண்டு போக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகன் கூடாது என்றான்: பாரம், கோச்சி மாற வேண்டும், பிறகு கப்பல், அதன்பிறகு எங்கே தங்குவது என்பதும் தெரியாது. "அங்க கல்லா இல்ல?" என்று அவன் கேட்டான். நாமும் அவன் பக்கம் சேர்ந்து, ஆறுதல் என்று எண்ணி அதையே சொன்னோம். அவர் எம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க டீச்சரம்மா, நீங்க மட்டும் யாழ்ப்பாணத்துலருந்து தூக்கியாந்தீங்களே?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விடையறிய விரும்பிக் கேட்டார். எமக்கு விடை தெரிந்திருந்தது. சொல்ல வாய் வரவில்லை. எமது அம்மியைச் சுமக்க ஆள் இருந்தது. போய் இறங்கியதும் வைக்க வீடு இருந்தது. வேண்டாமெனத் தோன்றினால் அதே வண்டியில் திரும்பிப் போகும் உரிமையும் இருந்தது. அதனாலேயே எமது குடிபெயர்வு வேடிக்கையாயிற்று. திரும்பி வரக்கூடியவன் மாத்திரமே தன் மூட்டைகளைப் பார்த்துச் சிரிக்க முடியும்.

ஈற்றில் அவர் அம்மியை எம்மிடம் ஒப்படைத்தார். "வச்சிருங்க. வந்தா வாங்கிக்கிறேன்" என்றார்.

மறுநாள் ஹற்றன் நிலையத்துக்குச் சென்றோம். அம்மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு மலைநாட்டிலே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். அப்பெயரின் பொருளை அன்று நேரிற் கேட்டோம். போகிறவரும் நிற்கிறவரும் யன்னலூடாகக் கைகளைப் பற்றிக்கொண்டு, இறந்தோருக்கு அழுவதுபோல் அழுதனர். எம்மையறியாமலே பழக்கத்தினால் எண்ணினோம்: ஐந்து பேர், ஆறு மூட்டைகள். எமது கயிறு சுற்றிய பெட்டி கதவோரத்தில் இருந்தது. வண்டி நகர்ந்தபோது, எந்த மேடையில் குழவியும் நாமும் பிரிந்து ஊரைச் சிரிக்க வைத்தோமோ, அதே மேடையில் நின்றோம். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி இராமேசுவரம். அதன்பின் மண்டபம் முகாம். அவ்வளவே எமக்குத் தெரிந்தது.

ஆறு மாதத்தின் பின் ஒரு கடிதம் வந்தது. எமது வகுப்பில் மயங்கி விழுந்த அதே சிறுவன் எழுதியிருந்தான். திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருப்பதாகவும், அங்கே அவர்களைச் 'சிலோன்காரர்' என்று அழைப்பதாகவும் எழுதியபின், கீழே தாத்தா சொன்னதாக ஒரு வரி சேர்த்திருந்தான்: 'இங்க பீலி இல்ல. கெணறுதான். ஒங்க கயித்துலதான் தண்ணி எறைக்கிறோம்.' எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. திருத்தவில்லை. பதில் எழுதினோம். அதன்பின் கடிதம் வரவில்லை.

1979இல் நாம் ஊருக்கு மாற்றலாகித் திரும்பியபோது மூட்டைகள் 14. எமது அம்மியைப் புதிதாக மணமான ஓர் இளம் தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அம்மியைக் கொண்டு வந்தோம். தாயார் அதனைப் புரட்டிப் பார்த்து, "இது எங்கடை அம்மி இல்லை" என்றார். இல்லைத்தான் என்றோம். கதையைக் கேட்டபின் அவர் ஒன்றும் பேசாமல் அதனைக் கழுவி வைத்தார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தபோது, நாமும் நடந்தோம். எம் கைகளில் இரண்டு பைகள். எண்ண வேண்டியிருக்கவில்லை. சனத்தோடு சனமாக அடி அடியாக நகர்ந்த அந்த இரவில், எம்முள் ஒருவர் மற்றவரைப் பார்த்து, "அம்மி?" என்று ஒரே சொற் கேட்டார். மற்றவர் விடை கூறவில்லை. ஹற்றன் மேடையில் ஒலித்த ஒப்பாரி இருபது ஆண்டுகள் கழித்தே எமக்கு முழுமையாக விளங்கியது. பிறர் துன்பத்தைத் தம் முறை வரும்வரை விளங்கிக்கொள்ளாதிருப்பது பெருமைக்குரியதன்று. ஆயினும் எமக்கு நேர்ந்தது அதுவே.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது, கதவில்லை, யன்னலில்லை, கூரையிற் பாதியில்லை. அம்மி மாத்திரம் கிணற்றடியிற் குப்புறக் கிடந்தது. கல்லை எவரும் தூக்கிச் செல்லவில்லை.

நாடற்றவராக இந்நாட்டில் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. இடையில் அறுந்து கிடந்த வடபகுதிப் புகையிரதப் பாதை 2014இல் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இரண்டும் நல்ல செய்திகளே. ஆனால், போனவர்களுக்கு அந்தச் சட்டம் பயன்படவில்லை. அவர்கள் ஏறிய கப்பலும் 1980களிலேயே நின்றுவிட்டது.

அம்மி எமது குசினியில் இருக்கிறது. அதில் இன்றும் சம்பல் அரைக்கிறோம். இரவல் அம்மியில் அரைத்த சம்பல் வயிற்றில் ஒட்டாது என்று தாயார் சொன்னது பிழை. உடையவர் வந்து கேட்டால் கொடுப்பதற்காகக் கழுவியே வைத்திருக்கிறோம்.